வெட்டாத விசிறி

காலைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கிடுங்க அண்ணாச்சி, சாக்குல உரசிராம. உள்ள இருக்கது தேங்காய் இல்ல. பட்டுச்சுன்னா வேட்டியோட சேத்துத் தோலையும் கிழிச்சிரும். ஆங், அப்படித்தான். ஜன்னல் பக்கமா சாஞ்சு உக்காருங்க.

இந்தக் கண்டக்டரைப் பாத்தியளா? சாக்குக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டுட்டுப் போறான். போடட்டும், அது அவன் வேலை. ஆனா ஒரு பார்வை பாத்தான் பாருங்க, என்னமோ நான் வெட்டுன தலையை மூட்டை கட்டிக் கொண்டுபோறமாதிரி. எங்க ஊர் ஸ்டாப்புல ஏறுனேன்லா, அதான். எங்க ஊர்ல நடந்தது இந்த ரூட்டுல ஓடுற பஸ்ஸுக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு. ஒவ்வொருத்தனும் அவனவன் இஷ்டத்துக்குக் கை கால் வச்சுச் சொல்லுதான். வெறுத்துப் போச்சு அண்ணாச்சி. மனுசன் மூஞ்சியைப் பாத்தாலே குமட்டுது. உங்களைச் சொல்லலை. நீங்க வெளியூரு மாதிரித் தெரியுது, அதனாலதான் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன்.

சாக்குல என்னன்னு நீங்க கேக்கலை. மரியாதை தெரிஞ்ச ஆளு. கேக்கலைன்னாலும் நான் சொல்லிருதேன். போட்டுக்குப் பின்னால மாட்டுவோம்லா, அவுட்போர்டு இஞ்சின், அதுக்கு அடியில தண்ணிக்குள்ள கிடந்து சுத்துமே மூணு இலை வச்ச விசிறி, அதுதான். கழட்டிச் சாக்குல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன்.

ஏன், சிரிப்பா வருதா? ஆஸ்பத்திரிக்குப் போனா ஆரஞ்சுப் பழமும் ரொட்டியும்தான் கொண்டுபோவணும்னு சட்டமா? என் பொண்டாட்டி பிலோமினாவும் இதையேதான் சொன்னா. சாக்கைப் பிடிச்சு இழுத்தா. "உங்களுக்குப் புத்தி பெரண்டு போச்சா? அந்த மனுசன் முன்னால இதைக் கொண்டுபோய் வைக்கப் போறியளா?"ன்னா. விடுடீன்னு உதறிட்டு வந்துட்டேன். பின்ன என்ன அண்ணாச்சி? என் மக ஜெசிந்தா கல்யாணம் இந்தச் சாக்குக்குள்ளதான் கிடக்கு.

படுத்திருக்கவரு எனக்குச் சம்பந்தியாகப் போறவரு. பெர்க்மான்ஸ் சார். துறைமுக ஆபிஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவரு. கால்ல ஒரு கீறல். அந்தக் கீறல் இந்த விசிறி பட்டு வந்ததுன்னு ஊரே சொல்லுது. அவரும் சொல்லுதாரு. என் மகளும் சொல்லுதா, அதுதான் கொடுமை. இல்லைன்னு நான் காட்டணும். வாயால சொன்னா எவனும் நம்ப மாட்டேங்கான். அதனால பொருளையே கொண்டுபோய் அவரு கட்டில்மேல வச்சு, "தொட்டுப் பாருங்க, இது வெட்டுமா?"ன்னு கேக்கப்போறேன்.

முதல்ல இருந்து சொல்லுதேன். இல்லன்னா நீங்களும் அவனுவ மாதிரி ஒரு முடிவுக்கு வந்துருவிய.

என் பேரு கஸ்பார். சூசையப்பர்பட்டணம். அங்க வந்து இஞ்சின் கஸ்பார்னு கேட்டா நாய்கூட வழி காட்டும். எங்க கடற்கரை மாதிரி ஒரு கடற்கரை நீங்க பாத்திருக்க மாட்டிய. ஒரு கல்லு கிடையாது, ஒரு பாறை கிடையாது. எவ்வளவு தூரம் உள்ள போனாலும் காலுக்கு அடியில மெத்தை விரிச்சமாதிரி மணல். அதனாலதான் திருவிழாவுக்கு உள்நாட்டுச் சனம் வேன் வேனா வந்து இறங்குது. சப்பரம் பாக்க வாரது பாதி, குளிக்க வாரது பாதி. அதுக குளிக்கிறதைப் பாத்தா உங்களுக்கே ஒருமாதிரி ஆயிரும். பிரியாணியை மூக்கு முட்டத் தின்னுட்டு இறங்கும். சேலையோட இறங்கும், சட்டையோட இறங்கும். தின்ன இலையைச் சுருட்டி அந்தத் தண்ணியிலயே எறியும். நாங்க சோறு திங்கிற கடலு அது. சீ.

அப்படி இறங்குனதுல ஒரு திருவிழாவுக்கு ஒரு வாலிபன் போயிட்டான். மதுரைப் பக்கத்துப் பையன். எங்க ஆளுக வள்ளத்தைத் தள்ளி, வலையை இறக்கி, இஞ்சினை மாட்டிப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. அவன் தாயி கரையில கிடந்து புரண்டதை நான் பாத்தேன் அண்ணாச்சி. அதைப் பாத்த பிறகுதான் ஊர்க் கமிட்டியில பேசி, கப்பல்ல வேலை பாக்குற எங்க ஊர்க்காரரு ஒருத்தரு ஒரு ரப்பர் போட்டு வாங்கிக் குடுத்தாரு. காத்தடிச்சு நிப்பாட்டுற போட்டு. கூடவே ஒரு இஞ்சின். ஆளைக் காப்பாத்துறதுக்குன்னே செஞ்சதாம். "கஸ்பார், இது உன் பொறுப்பு"ன்னு கமிட்டி என் கையில குடுத்துச்சு. வேற யாரு கையில குடுக்கும்? இஞ்சினைத் தெரிஞ்சவன் அங்க நான் ஒருத்தன்தான்.

எனக்கு அதைப் பாத்ததுமே பிடிக்கலை. உப்பிக்கிட்டு, வழவழன்னு, தொட்டாலே ஒரு அருவருப்பு. சரி, எடுத்துப் பாப்போம்னு கடல்ல விட்டா, நகர மாட்டேங்குது. சாமியார் நடந்து போறமாதிரிப் போவுது. அப்பப் பாத்து பக்கத்தூரு பைபர் போட்டு ஒண்ணு என்னைத் தாண்டிப் போவுது. அதுல இருந்த ஒரு பய திரும்பிப் பாத்து, "என்ன கஸ்பார் அண்ணே, பின்னால வந்து தள்ளிவிடணுமா?"ன்னு கேட்டான். அவனோட நாலு பேரு சிரிச்சானுவ. எனக்குச் சோறு இறங்கலை அண்ணாச்சி. ஆனா அதுக்காக நான் செஞ்சேன்னு நினைச்சிராதிய. உசிரைக் காப்பாத்தணும்னா வேகம் வேணும்லா? அந்த மதுரைப் பையன் முகம்தான் என் கண்ணு முன்னால நின்னுச்சு. அந்த பைபர் போட்டுக்காரன் முகமும் நின்னுச்சு, இல்லைங்கலை.

முதல்ல என்ன செஞ்சேன்? விசிறியைச் சுத்தி ஒரு இரும்புக் கூண்டு போட்டு வச்சிருந்தானுவ. வட்டமா, கம்பி கம்பியா. எதுக்கு? கோழி வளக்கவா? தண்ணியை அது பாட்டுக்குப் பிடிச்சு இழுக்குது. இழுத்தா எப்படி ஓடும்? கழட்டி எறிஞ்சேன். இப்ப அதுக்குள்ள எங்க வீட்டுக் கோழி குஞ்சு பொரிச்சு வச்சிருக்கு. அதுக்காவது உதவுது.

அப்புறம் இஞ்சின் மாட்டுற பின்பலகை. அதுமேல பூவரசு மரத்துல ஒரு கட்டை செதுக்கி வச்சு, இஞ்சினை மேல ஏத்துனேன். ஆழத்துல கிடந்தா பாரம், இழுவை. மேல வந்தா விசிறி தண்ணி மட்டத்துக்கு ஒட்டிக் கிடக்கும், பாதி இலை காத்துல, பாதி இலை தண்ணியில. இது எந்தப் புஸ்தகத்துலயும் கிடையாது, நானாக் கண்டுபிடிச்சது. அதுக்கு மேல, விசிறியையே மாத்துனேன். இலை நல்லா முறுக்குன விசிறியாப் பாத்துத் தூத்துக்குடியில வாங்கி, அரத்தைப் போட்டு ராவு ராவுன்னு ராவுனேன். ஓரம் தாள் மாதிரி ஆகிற வரைக்கும் ராவுனேன். ஓரம் மெல்லிசா இருந்தாத்தான் தண்ணியை அறுத்துட்டுப் போவும். பிலோமினா வந்து பாத்துட்டு, "இதுல மீன் அறுக்கலாம் போல இருக்கே"ன்னா. என்னைக் கட்டுனதுல இருந்து அவ என் வேலையைப் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னது அது ஒண்ணுதான்.

கார்புரேட்டர்ல பெட்ரோல் போற ஓட்டையையும் பெருசாக்கிட்டேன். அதுல ஒரு சின்னக் குணம் வந்துச்சு. முழு வேகத்துல வச்சா பாட்டுப் பாடும், மெதுவா வச்சா இருமும். நியூட்ரல்ல போட்டா நின்னுரும். நின்னுச்சுன்னா மறுபடி கயித்தை இழுத்து இழுத்து நம்ம தோள்பட்டை கழண்டுரும். அது குத்தமா? ஓடுறதுக்குச் செஞ்ச இஞ்சினை நிப்பாட்டுனா அது கோவிக்கத்தானே செய்யும்?

முதல் ஓட்டத்துல என்ன ஆச்சுன்னா, போட்டு முன்பக்கம் மூக்கைத் தூக்கிட்டு அப்படியே எந்திரிச்சு நின்னுருச்சு. நான் பின்னால விழுந்து உப்புத் தண்ணியைக் குடிச்சேன். வெறுங்காத்து, முன்னால பாரம் இல்லைல்லா. என்ன செய்யலாம்னு யோசிச்சு, என் மச்சினன்மாரு ரெண்டு பேரையும் முன்னால உக்கார வச்சேன். பிலோமினாவோட தம்பிமாரு. ஆளுக்கு ஒரு மாவு மூட்டை கனம் இருப்பானுவ. உக்காந்தானுவ பாருங்க, போட்டு சமமா நின்னு ஒரு போக்குப் போச்சு! அந்த பைபர் போட்டுக்காரனை நான் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடியும் தாண்டிப் போனேன். அவன் முகத்தைப் பாக்கணுமே. என் வாழ்க்கையில அவ்வளவு நிம்மதியா நான் சாப்பிட்டது அன்னைக்குத்தான்.

அன்னைக்கு என் பொண்டாட்டி சோத்தைப் போட்டுக்கிட்டே ஒரு கேள்வி கேட்டா. "முன்னால ரெண்டு பேரு, பின்னால நீங்க. தூக்குன ஆளை எங்க படுக்கப் போடுவிய?"ன்னா. கேள்வியைப் பாருங்க! முதல்ல அங்க போய்ச் சேரணும்லா? போய்ச் சேராம எங்க படுக்கப் போடுறது? ஜெசிந்தாவும் சேந்துக்கிட்டா. "எப்பா, அந்தக் கூண்டை மட்டும் மாட்டிருங்கப்பா. கடல்ல ஆளு இருக்கும்போது விசிறி தொறந்து கிடக்கலாமா?"ன்னு கோழியை விரட்டிட்டுக் கூண்டைக் கையில எடுத்துட்டே வந்துட்டா. படிச்ச புள்ளை, மருந்துக் கடையில வேலை பாக்குதா. மாத்திரை அட்டையை எடுத்துக் குடுக்கிறவளுக்கு இஞ்சினைப் பத்தி என்ன தெரியும்? போட்டை நீயா ஓட்டப்போற, போடின்னு சொல்லிட்டேன். கமிட்டிக்காரனுவளும் அப்படித்தான். ஓட்டிக் காட்டும்போது கரையில நின்னு கைதட்டுனானுவ. இப்ப ஒருத்தன்கூட வாயைத் தொறக்க மாட்டேங்கான், நன்றி கெட்ட பயலுவ.

இந்த வருசத் திருவிழா அன்னைக்குத்தான் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தேதி குறிக்க வந்தாவ. காலையில பூசை, மத்தியானம் எங்க வீட்ல சாப்பாடு. சீலா மீன் குழம்பு, பொரிச்ச பாறை மீனு, எறா. அடுத்த ஞாயித்துக்கிழமையில இருந்து கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சு, இன்னாருக்கு இன்னாருன்னு சனத்துக்கு அறிவிச்சிரலாம்னு பேச்சு முடிஞ்சுது. மாப்பிள்ளை டெரன்ஸ் தங்கமான பையன். பெர்க்மான்ஸ் சாரும் நல்ல மனுசன்தான், இல்லைங்கலை. என்ன, கடற்கரைக்காரனாப் பொறந்து டவுன்ல வளந்த ஆளு. நீச்சல் தெரியாது. அதை வெளியச் சொல்லவும் வெக்கம்.

வெத்திலை போடும்போது அவருதான் கேட்டாரு, "உங்க போட்டைப் பத்தி ரொம்பச் சொல்லுதாங்களே கஸ்பார்"னு. எனக்கு உள்ள குளுந்து போச்சு. வாங்க சம்பந்தின்னு கூட்டிட்டுப் போனேன். கரையில நின்னு பாத்தாப் போதும்னாரு. நான்தான் சொன்னேன், "நம்ம சாதிசனம் கடலுக்குப் பயந்தா வெளிய சொல்ல முடியுமா? சும்மா இறங்கி நில்லுங்க. நம்ம போட்டு இருக்கும்போது என்ன பயம்?"னு. நான் சொன்னது முழங்கால் அளவு. அவரு இடுப்பளவு போனா அதுக்கு நான் பொறுப்பா? நீங்களே சொல்லுங்க.

அலை திரும்பும்போது ஒரு இழுப்பு இருக்கும். அது ஆளை வாரிட்டுப் போயிருச்சு. தலை தெரியுது, கை தெரியுது, வெள்ளைச் சட்டை தெரியுது. கரையில கூச்சல். அண்ணாச்சி, உண்மையைச் சொல்லுதேன், எனக்குப் பயமா இருந்துச்சு. ஆனா அதோட சேத்து உள்ள ஒரு சந்தோசமும் இருந்துச்சு. தப்பா நினைக்காதிய. இவ்வளவு பாடுபட்டது எதுக்கு? இந்த ஒரு நேரத்துக்குத்தானே? மச்சினன்மாரு ஓடி வந்து முன்னால உக்காந்தானுவ. ஒரே இழுப்பு, இஞ்சின் பிடிச்சுக்கிச்சு. எப்படிப் போனேன்ங்கிய? விசில் அடிச்சானுவ அண்ணாச்சி கரையில. சாகப்போற மனுசனை மறந்துட்டு என் போட்டைப் பாத்து விசில் அடிச்சானுவ. கண்ணை மூடித் தொறக்கிறதுக்குள்ள அவரு பக்கத்துல போயிட்டேன். போயிட்டேன்னா, தாண்டிப் போயிட்டேன்.

திரும்பி வந்தேன். மச்சினன்மாரு ரெண்டு பேரும் கையை நீட்டுனானுவ. நீட்டுன கை நீட்டுனபடி இருக்கு, போட்டு அந்தப் பக்கம் போயிருச்சு. வேகத்தைக் குறைன்னு கத்துதானுவ. குறைச்சா இருமும், இருமுனா நின்னுரும். ஊரே கரையில நிக்குது, சம்பந்தி வீட்டுச் சனம் மொத்தமும் நிக்குது. அந்த நேரத்துல இஞ்சின் நின்னு, நான் கயித்தை இழுத்துக்கிட்டு நிக்கவா? அந்த பைபர் போட்டுக்காரன் வேற கரையில நின்னு பாத்துக்கிட்டு இருக்கான். மறுபடி வளைச்சேன். இந்தத் தடவை நல்லாக் கிட்டத்துல போவோம்னு போனேன்.

அப்பத்தான் என் மக வாரா. மண்ணெண்ணெய் அடைக்கிற வெறும் கேன் ஒண்ணை நெஞ்சுக்கு அணை குடுத்துக்கிட்டு, பட்டுச் சேலையை அவுத்துக் கரையில எறிஞ்சிட்டு, உள்பாவாடையோட நீந்தி வாரா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அத்தனை பேரும் பாக்காவ. எனக்கு அவமானத்துல உடம்பு கூசிப் போச்சு. அவ தலையைத் தூக்கி, "எப்பா, இஞ்சினை அணைங்கப்பா! அணைங்க!"ன்னு கத்துதா. அணைக்கிறதுக்கா நான் இவ்வளவு பாடுபட்டேன்?

கைப்பிடியில ஒரு அதிர்வு வந்துச்சு. லேசா, விசிறி எதுலயோ தட்டுனமாதிரி. கல்லு அண்ணாச்சி. பாறை முனை. அதுலதான் அவரு காலும் பட்டிருக்கு. கடல்னா பாறை இல்லாம இருக்குமா?

என்ன? மெத்தை மாதிரி மணல்னு சொன்னேனா? சொன்னேன். பொதுவாச் சொன்னேன். மெத்தைக்குள்ள ஒரு கொட்டை கிடக்காதா? நீங்களும் கமிட்டிக்காரன் மாதிரியே குறுக்குக் கேள்வி கேக்குதியளே. எங்க ஆளுவ மறுநாள் முங்கிப் பாத்தானுவளாம், ஒரு கல்லும் இல்லையாம். கடலு நேத்து இருந்தமாதிரியா இன்னைக்கு இருக்கு? கல்லு நகராதா?

அவதான் கேனை அவரு கையில குடுத்து, சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்துட்டுக் கரைக்கு வந்தா. மெதுவா, ஆமை மாதிரி. அந்த வேகத்துல வந்ததுக்குக் கரையில அத்தனை பேரும் அழுது கும்புடுதாவ. மாப்பிள்ளையோட அம்மா என் மக காலைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிடுதாவ. நான் போட்டைக் கொண்டுவந்து கரையில ஏத்துதேன், ஒரு பய கயித்தைப் பிடிக்க வரலை. முதல்ல போய்ச் சேந்தவன் யாரு? நான். மூணு தடவை போய்ச் சேந்தவன் நான். அதை எவனாவது பேசுதானா? தண்ணி செவப்பாக் கிடந்துச்சு, தண்ணி செவப்பாக் கிடந்துச்சுன்னு அதையே பேசுதானுவ. காறித் துப்பணும்போல இருக்கு.

கீறல்னு சொன்னேன்லா. கெண்டைக்கால்ல ரெண்டு வெட்டு. தையல் போட்டிருக்கு. குதிகாலுக்கு மேல நரம்பு ஒண்ணு அறுந்து போச்சாம், இனிமே கம்பு வச்சுத்தான் நடக்கணும்ங்காவ. அந்த டாக்டர் சின்னப் பையன், மீசைகூட ஒழுங்கா முளைக்கலை. அவன் சொல்லுதான், பாறை கிழிச்சா பிஞ்சு போயிருக்கும், இது நேரா, பக்கத்துப் பக்கத்துல, அளந்து வச்சமாதிரி இருக்குன்னு. அவன் எந்தக் கடல்ல போய்ப் பாறையைப் பாத்தான்?

இவ்வளவு நடந்தும் அந்தக் குடும்பம் கல்யாணத்தை வேண்டாங்கலை. டெரன்ஸ் தெளிவாச் சொல்லிட்டான், கட்டுனா ஜெசிந்தாவைத்தான் கட்டுவேன்னு. பெர்க்மான்ஸ் சாரு ஒண்ணே ஒண்ணு கேட்டாராம். "உங்க அப்பா நேர்ல வந்து, தெரியாம நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அது போதும், ஓலை வாசிச்சிரலாம்"னு. அந்த ஒரு வார்த்தைக்காக ஓலை நிக்குது. ரெண்டு ஞாயிறு போயிருச்சு. பங்குச் சாமியாரு என்னைக் கண்டா வேற பக்கம் திரும்பிக்கிடுதாரு.

ஜெசிந்தா வந்து என் முன்னால தரையில உக்காந்தா. ஆஸ்பத்திரியில ராத்திரி பகலா அவளும்தான் கிடக்கா, முகம் சுண்டிப் போய் இருக்கு. "எப்பா, ஒரு வார்த்தைதானே. எனக்காகச் சொல்லுங்கப்பா. நீங்க வந்து சொல்லலைன்னா நான் கல்யாணமே வேண்டாம்னு சொல்லிருவேன். அவுக காலைப் பாத்துக்கிட்டே அந்த வீட்ல நான் எப்படிப்பா வாழ முடியும்?"னு அழுதா. எனக்கும் கண்ணு கலங்கிப் போச்சு, கல்லு இல்ல நான். ஒத்தைப் புள்ளை. ஆனா செய்யாத தப்புக்கு எப்படி அண்ணாச்சி சொல்லுதது? சொல்லிட்டா அப்புறம் இஞ்சின் கஸ்பார்னு எவன் கூப்பிடுவான்? கால் வெட்டுன கஸ்பார்ம்பான். அதான், வார்த்தை எதுக்கு, பொருளைக் காட்டுவோம்னு கிளம்பிட்டேன்.

இருங்க, உங்களுக்கே காட்டுதேன். பஸ்ஸு குலுங்குது, சாக்கைக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க. இந்தா, பாருங்க. எப்படி இருக்கு? கண்ணாடி மாதிரி மின்னுதுல்லா? எங்கயாவது ரெத்தம் தெரியுதா? தோலு தெரியுதா? இந்த ஒரு இடத்துல லேசா ஒரு சொட்டை இருக்கு, அது அந்தக் கல்லுல பட்டது. மத்தபடி எவ்வளவு வழவழன்னு இருக்கு பாருங்க. இது போய் ஆளை வெட்டுமா? தொட்டுப் பாருங்க. அட, பயப்படாதிய. ஒரு விரலை வச்சு ஓரத்துல அப்படியே ஓட்டிப் பாருங்க, நான் பிடிச்சுக்கிடுதேன்.

அய்யய்யோ!

கையை எடுங்க, எடுங்க. இந்த டிரைவரு, பிரேக்கைப் போடுத லெச்சணத்தைப் பாரு! கையை மேல தூக்குங்க, மேல. அய்யோ அண்ணாச்சி, தெரியாம நடந்துபோச்சு. மன்னிச்சிக்கிடுங்க. என்மேல தப்பு, ஓடுற பஸ்ஸுல உங்களைத் தொடச் சொல்லியிருக்கக் கூடாது. இந்தாங்க, இந்தத் துண்டைச் சுத்துங்க, துவைச்சதுதான். அழுத்திப் பிடிச்சுக்கிடுங்க. கொஞ்சம் ஆழமாத்தான் போயிருக்கு. வேட்டியிலயும் பட்டுருச்சே, சீ.

ஏன் அப்படிப் பாக்குதிய?

ஓ. அந்த வார்த்தையை உங்ககிட்ட உடனே சொல்லிட்டேனேன்னு பாக்குதியளா? சொல்லத்தான் செய்வேன். என்மேல தப்புன்னா நான் சொல்லிருவேன் அண்ணாச்சி, அதுல நான் கௌரவமே பாக்க மாட்டேன். இது நான் செஞ்சது, சொன்னேன். அது கல்லு செஞ்சது. ரெண்டையும் ஒண்ணாக்கப்படாது.

ஆஸ்பத்திரி ஸ்டாப்பு வந்துருச்சு. நீங்களும் இறங்குங்க, அந்த விரலுக்குத் தையல் போடாம விடக்கூடாது. என்கூடவே வாங்க, எனக்கு அங்க எல்லாரையும் தெரியும். கட்டுப் போட்டுட்டு அப்படியே மாடிக்கு ஒரு எட்டு வாங்க. சம்பந்தி ரூமுலதான் என் மகளும் இருப்பா. நான் ஒருத்தன் சொன்னா நம்ப மாட்டாவ. வெளியூர்க்காரரு, படிச்ச மாதிரி இருக்கிய, நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவாவ, நானே தொட்டுப் பாத்தேன், இது வெட்டாதுன்னு.

கையை மட்டும் துண்டுக்குள்ள வச்சுக்கிடுங்க.